மூன்றாண்டு வாழ்ந்த கட்சி

1961 ஏப்ரலில் தமிழகத்தில் ஒரு புதிய கட்சி பிறந்தது. பெயர், தமிழ்த் தேசியக் கட்சி. தொடங்கியவர் ஈ.வெ.கி. சம்பத். பெரியாரின் அண்ணன் மகன், 1949-இல் தி.மு.க.வைத் தோற்றுவித்த முன்னணியினரில் ஒருவர். ‘சொல்லின் செல்வர்’ என்று பேரெடுத்த பேச்சாளர். தி.மு.க. முதன்முதலாகக் களமிறங்கிய 1957 பொதுத்தேர்தலில் நாமக்கல்லில் வென்று மக்களவைக்குப் போனார். மொழிச் சிக்கல் சூடேறிய 1960-இல், இந்தியைத் திணிக்கமாட்டோம் என்று பிரதமர் நேரு உறுதிகூறிக் கடிதம் எழுதியது இவருக்குத்தான்.

இத்தகையவர் ஏன் தி.மு.க.விலிருந்து வெளியேறினார்?

கட்சிக்குள் பதவிப் போட்டி இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. சினிமாக்காரர்களின் செல்வாக்கு ஓங்குவதும் சம்பத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஆழமான கருத்து வேறுபாடு, தென்னிந்திய மொழிப் பகுதிகளைச் சேர்த்துத் தனிநாடு கேட்ட திராவிட நாட்டுக் கோரிக்கையில் இருந்தது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபின் ஆந்திரரும் கன்னடரும் மலையாளிகளும் தத்தம் மாநிலத்தோடு நிறைவடைந்துவிட்டார்கள். அவர்கள் கேட்காத நாட்டை அவர்களுக்கும் சேர்த்து நாம் கேட்பதா என்பது சம்பத்தின் வாதம். மோதல் முற்றி அவர் உண்ணாவிரதம் இருந்தார். தி.மு.க.வை வழிநடத்திய அண்ணா சமாதானம் செய்தும் அது நிலைக்கவில்லை.

கூடவே போனவர்களில் பெரும்புள்ளி கவிஞர் கண்ணதாசன். சினிமாவின் நிழல் வேண்டாமென்று பிரிந்த கட்சிக்குச் சினிமாப் பாட்டெழுதுபவரே முகமானது வேடிக்கைதான்! அந்த நாட்களின் மனக்கசப்பை அவருடைய ‘வனவாசம்’ நூலில் காணலாம்.

கூட்டம் கூடியது, வாக்கு விழவில்லை. 1962 தேர்தலில் புதுக்கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தென்சென்னை மக்களவைத் தொகுதியில் நின்ற சம்பத்தும் தோற்றார், வென்றவர் தி.மு.க.வின் நாஞ்சில் மனோகரன். பேச்சை ரசித்தவர்கள் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தை விட்டு வரவில்லை. கிளைக்குக் கிளை படிப்பகமும் மன்றமுமாக வேரூன்றிய தி.மு.க. அந்தத் தேர்தலில் சட்டமன்றத்தில் 15 இடங்களிலிருந்து 50-க்கு ஏறியது.

அடுத்த ஆண்டே, பிரிவினைப் பேச்சைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் வந்ததும், தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. சம்பத் இரண்டாண்டுக்கு முன்பே சொன்னது சரியென்று ஆனாலும், அதன் பலன் அவர் கட்சிக்கு வரவில்லை. பிரிந்து போனதற்கான பெருங்காரணமே இல்லாமல் போனது. 1964-இல் தமிழ்த் தேசியக் கட்சி காங்கிரசில் கரைந்தது. மூன்றே ஆண்டில், 1967-இல், அந்தக் காங்கிரசைத் தோற்கடித்து அண்ணா முதலமைச்சரானார்.

சம்பத்தின் மகன் ஈ.வெ.கி.ச. இளங்கோவன் பின்னாளில் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். 2023-இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் அவர் காங்கிரஸ் வேட்பாளராக நின்றபோது, அவருக்காக வீடுவீடாக வாக்குக் கேட்டவர்கள் தி.மு.க.வினர்.