பாசறை மேடையும் பாட்டாளி மேடையும்

(நூம்பலில் ஆற்றிய உரை)



டாங்கிகள் செய்யும் ஆவடிக்கு அண்டை ஊரினர் நீங்கள். படைவீரனுக்குச் சோறும் சீருடையும் தோட்டாவும் தந்த அரசு, நாடகமும் தந்தது என்றால் வியப்பீர்கள்! 1939-இல் பிரிட்டனில் ‘என்சா’ எனும் அமைப்பு எழுந்தது. பாசறைதோறும் ஆட்டமும் பாட்டும் அரங்கேறின. “இரவுதோறும் ஏதோவொரு கொடுமை” என்று அப்பெயரின் எழுத்துகளுக்குச் சிப்பாய்கள் பொருள் கூறி நகைத்தனராம். நாடகக்காரன் நான்; அந்த நையாண்டி எப்படிச் சுடும் என்பதை அறிவேன்!

அந்த என்சாவின் நடிகராக 1944-இல் இந்தியா வந்தவர் ஜெஃப்ரி கெண்டல். போர் முடிந்தது. தளபதிக்குப் பதக்கம், வீரனுக்கு வீடு, நடிகனுக்கு? அரிதாரம் கலைந்தது, அன்றாடப் பிழைப்பும் கலைந்தது! கெண்டல் கலங்கினாரில்லை. ‘ஷேக்ஸ்பியரானா’ என்னும் குழுவுடன் 1947-இல் மீண்டும் இங்கே வந்தார். மனைவி லாராவும் நடிகை. ஜெனிஃபர், ஃபெலிசிட்டி எனும் இரு பெண்களும் மேடை நிழலிலேயே வளர்ந்தனர். பெட்டி படுக்கையுடன் இரயிலேறி, இன்று அரண்மனை, நாளை பள்ளிக்கூடம் என ஊர் ஊராய் அலைந்தனர். நம் பாய்ஸ் கம்பெனிகள் பட்ட பாடு நினைவுக்கு வருகிறதன்றோ?

ஆயின், கேட்டவர் யார்? ஆங்கிலம் கற்றோர்; அரசர் வீட்டார். மகுடங்கள் சரிந்தன, சினிமா வளர்ந்தது, அழைப்புகள் அருகின. அந்தச் சரிவையே 1965-இல் ‘ஷேக்ஸ்பியர் வாலா’ படம் காட்டிற்று. கெண்டல் குடும்பத்தாரே அதில் நடித்தனர். 1958-இல் ஜெனிஃபரை மணந்த சசி கபூரும் நடித்தார்.

அக்குழுவில் 1947-இல் சேர்ந்த வங்க இளைஞர் ஒருவர் உண்டு: உத்பல் தத்! பயிற்சியைப் பாசறை நடிகரிடம் பெற்றார். பார்வையாளரை வேறிடத்தில் தேடினார். ஆங்கில மேடையை விட்டு வங்கமொழிக்கு வந்தார். மாக்பெத்தைக் கிராமத்தாரிடம் கொண்டு சென்றார். 1959-இல் ‘அங்கார்’, நிலக்கரிச் சுரங்கத்திலே மாளும் தொழிலாளியின் கதை. 1965-இல் ‘கல்லோல்’, 1946-இல் பம்பாயில் கிளர்ந்தெழுந்த கடற்படை மாலுமிகளின் கதை!

சிப்பாய் சிரிக்க நாடகம் போட்டால் சம்பளம் தந்தது அரசு. மாலுமி சீறியதை நாடகமாக்கினால்? அன்றைய மேற்கு வங்க காங்கிரஸ் அரசு, 1965-இல் உத்பல் தத்தை விசாரணையின்றிச் சிறையில் அடைத்தது. மினர்வா அரங்கிலோ, ‘கல்லோல்’ காணக் கூட்டம் அலைமோதியது!