கணிப்பும் வாக்கும்



2024ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. கொக்கிளாய்க் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த என் பழைய மாணவர் ஒருவர், பத்திரிகையில் வந்த கருத்துக்கணிப்பைக் காட்டி, "வெல்பவர் யாரென்று இதிலேயே போட்டுவிட்டார்கள், சேர். இனி நாங்கள் வாக்களித்து என்ன பயன்?" என்று கேட்டார். அன்று அவருக்குக் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். கருத்துக்கணிப்பின் அடிப்படையும் அதுவே. ஆயின், பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருந்தால்தான் அந்த ஒரு சோறு சாட்சி சொல்லும். எங்கள் களப்பு நீரை முகத்துவாரத்தில் மட்டும் அள்ளிச் சுவைத்த ஒருவர், ஆறு வந்து கலக்குமிடத்து நீரும் அதே உவர்ப்புடையது என்று சாதித்தால் நாம் நகைப்போம் அல்லவா?

1936இல் அமெரிக்காவில் அதுதான் நிகழ்ந்தது. 'லிட்டரரி டைஜெஸ்ட்' என்னும் சஞ்சிகை 20 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் விடைகளைத் திரட்டி, லாண்டனே வெல்வார் என்றது. வென்றவரோ ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம் நின்றன. தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோரின் பட்டியல்களிலிருந்தே சஞ்சிகை பெரும்பாலும் ஆட்களைத் தேர்ந்திருந்தது. மிகக் குறைந்த தொகையினரை வினவிய ஜோர்ஜ் கலப் என்பவர் வெற்றியாளரைச் சரியாகக் கூறினார். எத்தனை பேர் என்பதிலும் எத்தகையோர் என்பதே முக்கியம்.

எப்போது வினவினர் என்பதும் நோக்கத்தக்கது. 1948இல் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்னரே வினவுதலை நிறுத்திய கணிப்பாளர்கள், டூயி வெல்வார் என்றனர், ட்ரூமன் வென்றார். 1000 பேரை முறைப்படி தேர்ந்து வினவினாலும் ஏறத்தாழ நூற்றுக்கு 3 கூடவோ குறையவோ இடமுண்டு. ஆதலால், இரண்டு புள்ளி முன்னணியை வெற்றியெனக் கொள்ளலாகாது.

இனி எங்கள் வன்னியைப் பாருங்கள். 2024இல் நாட்டின் வாக்காளர் ஏறத்தாழ 171 இலட்சம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 3 இலட்சம். நாடெங்கும் 1000 பேரை வினவினால், எம்மவர் 18 பேரளவே வருவர். மூன்று மாவட்டங்களின் மனத்தை அப்பதினெண்மர் எங்ஙனம் உரைப்பர்? நாடளாவ வென்றவர் அநுர குமார திசாநாயக்க. வன்னியிலோ சஜித் பிரேமதாச முதலிடம் பெற, அவர் நான்காம் இடத்தையே பெற்றார். நாட்டின் கணிப்பில் ஊரின் முகத்தைத் தேடுதல் வீண்.

மேலும், எமது வாக்குச்சீட்டில் 1, 2, 3 என விருப்பத்தை ஒழுங்குபடுத்தும் உரிமையுண்டு. அத்தேர்தலில் எவரும் செல்லுபடியான வாக்குகளில் பாதியைக் கடக்காமையால், 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது முதற்கொண்டு, முதன்முறையாக அடுத்த விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டன. ஆகவே, வெல்லமாட்டார் எனக் கணிக்கப்பட்டவரை விரும்புவோரும் அஞ்ச வேண்டியதில்லை. வாக்குச்சீட்டு பந்தயச் சீட்டு அன்று. வெல்லும் குதிரையைத் தேடிக் கட்டும் பணமும் அன்று. எம் மனத்தை நாமே எழுதும் ஓலை அது.

அம்மாணவர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தேர்தலன்று வாக்களிக்கச் சென்றார். யாருக்கென்று நான் கேட்கவில்லை. கணிப்பாளர் கேட்டிருந்தால் என்ன கூறியிருப்பாரோ, அதனையும் அறியேன்.