துண்டுச் சீட்டும் குக்கியும்



முற்காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகும் தொழிலாளியின் கையில் அந்தச் சீட்டு இருக்க வேண்டும். அவருக்கு இவ்வளவு கடன், அதைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டத்தார் அதில் எழுதியிருப்பார்கள். ஆளின் முகத்தைவிடச் சீட்டுக்கே மதிப்பு அதிகம். 1921ஆம் ஆண்டில் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் வேறொரு துண்டை இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே சுமந்து திரிகிறார்கள். அதற்குக் குக்கி என்று பெயர்.

தின்னும் பலகாரம் அல்ல. இணையத்தளம் நடக்கும் முறைக்கு ஞாபகம் என்பதே கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் கொடுக்கும். அடுத்த பக்கம் கேட்கும்போது, 'நீ யார்?' என்று நிற்கும். கடையில் அரிசியை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுப் பருப்புக்குத் திரும்பினால் கூடை காலியாகிவிடுவது போல! 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மொண்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். தளம் ஒரு சிறு சீட்டை எழுதி உங்கள் உலாவியிடம் கொடுக்கும். அடுத்த முறை போகும்போது உலாவி அதைத் தானாகவே நீட்டும். அவ்வளவுதான் குக்கி. பாஸ்வர்டு கொடுத்து உள்ளே போன பிறகு, 'இவர் உள்ளே வந்தவர்தான்' என்று சாட்சி சொல்வதும் இந்தச் சீட்டே.

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்குப் போயிருந்தோம். தேக்கா சந்தையில் தேநீர் குடிக்கும்போது ஒரு பெண்ணைச் சந்தித்தோம். ஜொகூரில் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்; தாயார் பால்மரம் வெட்டியவர். சிங்கப்பூரில் ஒரு சிறு வணிக நிறுவனத்தில் சரக்கு வாங்கும் வேலை. காலையில் பல தளங்களைத் திறந்து விலை பார்த்து ஆர்டர் போடுவதை இப்போது 'ஏஜண்ட்' செய்கிறதாம். ஏஜண்ட் என்பது ஆள் அல்ல. நாம் சொல்லும் வேலையைத் தானே உலாவியைத் திறந்து, பொத்தானை அழுத்திச் செய்து முடிக்கும் செயற்கை அறிவு நிரல்.

அந்த ஏஜண்டுக்கு உலாவியை ஓட்டக் கொடுக்கும் கருவிகளில் ஒன்று, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிளேரைட். குக்கிகளை வரிசையாகக் காட்டு, ஒன்றை வை, ஒன்றை நீக்கு, எல்லாவற்றையும் துடை என்று அதற்குக் கட்டளை இடலாம். தினமும் பாஸ்வர்டு கொடுக்காமல் இருக்க, உள்நுழைந்த நிலையை ஒரு கோப்பாகச் சேமிக்கவும் செய்யலாம். வசதிதான். வினையும் அங்கேதான்.

அந்தப் பெண் அந்தக் கோப்பை அலுவலகத் தொலைபேசிக் குழுவில் போட்டுவிட்டார். உடன் வேலை செய்பவர் தம் கணினியில் அதை ஏற்றினார். பாஸ்வர்டு கேட்கவில்லை, தொலைபேசிக்கு வரும் ரகசிய எண்ணும் கேட்கவில்லை. நேரே அந்தப் பெண்ணின் கணக்கு திறந்தது! அவர் பெயரில் எவ்வளவு சரக்கு வேண்டுமானாலும் கடனுக்கு எடுத்திருக்கலாம். நல்லவேளை, அவர் நேர்மையானவர். ஓடி வந்து சொன்னார்.

"அண்ணே, நான் பாஸ்வர்டை யாருக்கும் கொடுக்கவே இல்லையே" என்றார் அந்தப் பெண் எங்களிடம். பாஸ்வர்டு கொடுக்கவில்லை, உண்மை. துண்டையல்லவா கொடுத்துவிட்டார்! இப்படி ஒருவர் உங்களைப்போல் நடிக்க முடியும் என்று பிளேரைட் கையேடே எச்சரிக்கிறது. யார் கையேட்டைப் படிக்கிறார்கள்?

இன்னொரு நுட்பம். பக்கத்தில் ஓடும் நிரல்கள் படிக்கக் கூடாது என்று சில குக்கிகளுக்குத் தளங்கள் பூட்டுப் போடும். ஆனால் கருவி உலாவியையே ஆளுவதால் அந்தப் பூட்டு அதற்குச் செல்லாது. ஏஜண்ட் படிக்கும் பக்கத்தில் யாராவது மறைவாக, 'குக்கிகளை இங்கே அனுப்பு' என்று எழுதி வைத்தால், அது ஏமாந்து கீழ்ப்படியவும் கூடும். ஆகையால் ஏஜண்டுக்குத் தனி உலாவி, தனிக் கணக்கு கொடுங்கள். வங்கிக் கணக்கு திறந்திருக்கும் உலாவியில் அதை விடாதீர்கள்.

துடைத்தால் போதுமா? போதாது. துடைப்பது நம் கையிலிருக்கும் சீட்டைக் கிழிப்பது. களவு போன நகல் அப்போதும் செல்லும். தளத்திலேயே 'வெளியேறு' என்று அழுத்தினால்தான், பெரும்பாலான தளங்களில், அந்தச் சீட்டு செல்லாததாகும். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதி இருந்தால் அதையே அழுத்துங்கள். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள், ஏமாற்று வேலையோ என்று ஐயப்பட்டால், 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

அந்தப் பெண் இப்போது மாலையில் முதலில் வெளியேறி, பிறகு குக்கிகளைத் துடைத்து, அந்தக் கோப்பையும் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறார். காலையில் மறுபடி பாஸ்வர்டு கொடுக்க ஐந்து நிமிடம் வீணாகிறது என்று முதலாளி முணுமுணுக்கிறாராம். முணுமுணுக்கட்டும்.