சிரிப்புக்கு அஞ்சி வாய் மூடுவதா?

(சிங்காநல்லூரில் நடைபெற்ற பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போனஸைப் பற்றியோ பஞ்சப்படியைப் பற்றியோ பேச நாம் இன்று வரவில்லை. ஒரு தொழிலாளியின் தொண்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது என்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

சில மாதங்களுக்கு முன் இதே இடத்தில் வேலைச்சுமையைப் பற்றி விவாதம் நடந்தது. ரிங் பிரேமில் வேலை செய்யும் ஒரு தோழி எழுந்தார். அவர் திருநங்கை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "தோழர், எனக்கு ஒரு கேள்விங்க" என்றார். அந்தக் கனத்த குரலைக் கேட்டதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். தோழி உட்கார்ந்துவிட்டார். மானேஜர் சிரித்திருந்தால் கண்டனத் தீர்மானம் போட்டிருப்போம். சிரித்தவர்களோ நம்மவர்கள்! நாமும் அன்று மேடையில் இருந்துகொண்டு சும்மா இருந்துவிட்டோம். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

கூட்டம் கலைந்தபின் டீக்கடையில் அவரைச் சந்தித்தோம். "வாயைத் திறக்கற வரைக்கும் நான் பொம்பளைங்க தோழர். திறந்தா எல்லாம் போச்சுங்க" என்றார். வாடகைக்கு வீடு கேட்கப் போனால், பேசுகிறவரை சம்மதம். பேசியபின் 'வேற ஆள் வந்துட்டாங்க' என்ற பதில். போனில் பேசினால் 'சார்' என்கிறார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் கேட்பதற்குள் பத்துத் தலை திரும்புகிறது. ஆகவே தொண்டையில் ஆபரேஷன் செய்துகொள்வதென்று முடிவெடுத்துவிட்டார். கம்மலை அடகு வைத்துவிட்டார். மீதிக்கு வட்டிக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதி. இவர் போய் விசாரித்த தனியார் இடத்தில் பணம் எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டார்களாம். சர்க்கரை எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லையாம்!

இதையெல்லாம் அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம். இதோ, முன்வரிசையில் இருக்கிறார்.

கோவை கேட்ட குரல்

குரலுக்காகக் கத்தி வைத்துக்கொள்வது ஆடம்பரம் என்று சில தோழர்கள் நம்மிடம் சொன்னார்கள். இதே கோவையில், 2014 ஆகஸ்ட் 15 அன்று, லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் என்ற திருநங்கை செய்தி வாசித்தார். தொலைக்காட்சிச் செய்தி வாசித்த முதல் திருநங்கை என்று இந்தியா முழுவதும் பத்திரிகைகள் எழுதின. அதற்கு நாலு மாதம் முன்புதான், ஏப்ரல் 15-ல், திருநங்கைகள் தங்கள் பாலினத்தைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ள உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தீர்ப்பு காகிதத்தில் வந்தது. அந்த அம்மையாரின் வாசிப்பு வீட்டுக்கு வீடு காதில் வந்து விழுந்தது. குரல் பிழைப்புக்கும் வேண்டும், மானத்துக்கும் வேண்டும். நம் தோழி கேட்பதும் அதுதான்.

எல்லாத் திருநங்கைகளும் குரலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதல்ல நம் கட்சி. இருக்கிற குரலோடு நிமிர்ந்து நிற்பவர்கள் நிறையப் பேர். சிரிப்பவனுக்குப் பயந்து ஒருவர் தன் தொண்டையை அறுத்துக்கொள்ள வேண்டிய உலகம் நல்ல உலகமுமல்ல. ஆனால் தனக்கு வேண்டும் என்று கேட்கும் தொழிலாளியிடம், 'நீ உலகம் திருந்தும் வரை காத்திரு' என்று சொல்ல நமக்கு என்ன அதிகாரம்?

தப்பட்டையும் தொண்டையும்

குரல்வளைக்குள் இரண்டு சதை மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்பார்கள். மூச்சு போகும்போது இவை அதிர்கின்றன. ஆண் குரலில் விநாடிக்கு நூறு தடவைக்குச் சற்று மேல். பெண் குரலில் சுமார் இருநூறு தடவை. தப்பட்டையைத் தீயில் காய்ச்சினால் தோல் இறுகிச் சுருதி ஏறுகிறதல்லவா? அதே கணக்குத்தான். வாலிபப் பருவத்தில் ஆண் சுரப்பு நீரால் இந்த நாண்கள் தடித்து நீளுகின்றன. பிற்பாடு பெண் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாலும் தடித்தது மெலிவதில்லை. அதனால்தான் உடம்பு மாறியும் குரல் மாறவில்லையே என்று இவர்கள் தவிக்கிறார்கள்.

டாக்டர்கள் இரண்டு வழி கண்டிருக்கிறார்கள். ஜப்பானில் இஸ்ஷிகி என்ற டாக்டர் 1970-களில் காட்டிய வழி, கழுத்தின் முன்புறம் திறந்து, குரல்வளையின் இரண்டு குருத்தெலும்புகளை நெருக்கித் தைத்து நாண்களை இழுத்து இறுக்குவது. ஜெர்மனியில் வெண்ட்லர் என்பவர் காட்டியது இன்னொன்று. வாய் வழியாகவே கருவியை விட்டு, நாண்களின் முன்பகுதியை ஒன்றோடொன்று ஒட்டும்படி தைத்துவிடுவது. அதிரும் நீளம் குறைகிறது, சுருதி ஏறுகிறது. வெளியே தழும்பு இல்லை. இன்று பல இடங்களில் இதைத்தான் செய்கிறார்கள்.

ஆனால் சுருதி மட்டும் குரலாகிவிடாது. பேச்சின் ஏற்ற இறக்கம், நாதம் எங்கே நிற்கிறது, சொல்லை எப்படி முடிக்கிறோம் என்பதெல்லாம் பயிற்சியால் வருவது. பேச்சுப் பயிற்சியாளரிடம் மாதக்கணக்கில் பழகி, கத்தியே வேண்டாமென்று நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. மைசூரில் 1965-ல் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய பேச்சு, கேட்டல் நிறுவனம் ஒன்றே இருக்கிறது. பேச்சுப் பயிற்சி ஒரு தனிப் படிப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கரகரக்கலாம், சத்தம் குறையலாம், கூவிக் கூப்பிட முடியாமல் போகலாம். மிஷின் இரைச்சலுக்கு மேலே கத்தியே பழகிய நமக்கு இது சின்ன விஷயமல்ல. பயிற்சி முதலில், கத்தி பிறகு என்று தோழியிடம் சொன்னோம்.

சர்க்கரையின் கணக்கு

இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை வியாதி. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு நடந்து 2023-ல் வெளிவந்த ஆய்வின் கணக்கு இது. இந்தக் கூடத்தில் நூறு பேர் இருந்தால் பதினாலு பேருக்கு இருக்கும். எத்தனை பேர் பரிசோதித்தீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்... சரி, சரி. அதற்கு வேறு ஒரு கூட்டம் போட வேண்டும்.

சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் புண் ஆறுவது தாமதம், சீழ் பிடிப்பது சுலபம். காலில் புண் என்றால் கண்ணுக்குத் தெரியும். குரல் நாணில் போட்ட மெல்லிய தையல் பிரிந்தால் வெளியே தெரியாது, குரல்தான் போகும். அதுவும் அவசர ஆபரேஷன் இல்லை இது. ஆகையால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையில் எட்டுக்குக் கீழே வரட்டும் என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். நம் தோழிக்கு எடுத்துப் பார்த்தபோது பதினொன்றுக்கு மேல் இருந்தது! கம்மலை மீட்டுக் கொடுத்தது தவிர அன்று நாம் வேறெதுவும் செய்யவில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒரு வேடிக்கையான சோதனை செய்வார். கையைக் கூப்பி கும்பிடச் சொல்வார். பக்திக்காக அல்ல! நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு மூட்டுகள் விறைத்து, உள்ளங்கைகள் ஒட்டாமல் நடுவே இடைவெளி நிற்கும். கை விறைத்தவருக்குக் கழுத்தும் விறைத்திருக்கலாம். மூச்சுக் குழாய் விடுவது கஷ்டம். தொண்டையிலேயே நடக்கும் ஆபரேஷனில் இது முன்கூட்டித் தெரிய வேண்டும்.

மாத்திரைகளை ஒளிக்கக் கூடாது. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போல 'ஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகளை ஆபரேஷனுக்கு மூன்று நாலு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் பட்டினி இருக்கும்போது ரத்தத்தில் அமிலம் ஏறும். சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டிக்கொண்டே ஆள் விழுந்துவிடலாம். ஆனால் டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து. பெண் ஹார்மோன் மாத்திரையையும் சொல்லியே ஆக வேண்டும். அதில் சில வகை ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும். வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், மறைக்க வைப்பது டாக்டரின் முகச்சுளிப்பு.

தொண்டை வீங்காமலிருக்க ஸ்டீராய்டு ஊசி போட்டால் சர்க்கரை ஓரிரு நாள் துள்ளும். நெடுநாள் சர்க்கரையால் இரைப்பை மந்தப்பட்டால் புளித்த அமிலம் தொண்டை வரை ஏறித் தையலைச் சுடும். ஆகவே இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்து, தலைமாட்டை உயர்த்திப் படுக்க வேண்டும்.

நம் ஊர்ப் பாட்டிகளின் அன்பும் இங்கே ஜாக்கிரதைக்குரியது. தொண்டை என்றதும் பாலில் பனங்கற்கண்டு, தேன், கருப்பட்டிக் காப்பி! விழுங்கக் கஷ்டமென்று அரிசிக் கஞ்சியும் பழச்சாறும் வேளைக்கு வேளை! எல்லாம் சர்க்கரை. மோர், பாசிப்பருப்புக் கஞ்சி, அவித்து மசித்த முட்டை கொடுங்கள். தொண்டைக்கு வாங்கும் மிட்டாயிலும் சர்க்கரை இல்லாதது இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இன்னும் ஒன்று. ஆபரேஷனுக்குப் பின் ஒரு வாரமோ இரண்டு வாரமோ பேசவே கூடாது என்பார்கள். கிசுகிசுப்பதும் கூடாது. அந்த நாட்களில் இன்சுலின் போட்டுச் சாப்பாடு குறைந்து சர்க்கரை இறங்கிவிட்டால்? வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும், கூப்பிடக் குரல் இல்லை! பஸ்ஸில் அப்படி ஆனால் குடித்திருக்கிறார் என்று இறக்கிவிடுவார்கள். ஆகவே ஒரு அட்டையில் 'எனக்குச் சர்க்கரை வியாதி, நான் பேசக்கூடாது, நடுங்கினால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்' என்று எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த அட்டையை நம் சங்க ஆபீசிலேயே எழுதி வைத்துவிட்டோம். தனியாக வசிப்பவர், ஆகையால் ராத்திரி துணைக்கு இரண்டு தாய்மார்கள் முறை போட்டிருக்கிறார்கள்.

மில்லுக்குள்ளே

டாக்டருக்குத் தெரியாததும் நமக்குத் தெரிந்ததும் இது. பஞ்சுத் தூசி இருமல் தரும். திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுகும் அந்த இருமல் பழைய கார்டிங் தொழிலாளிகளுக்கு நன்றாகத் தெரியும். புதுத் தையல் போட்ட நாண் அப்படி ஓர் இருமலைத் தாங்காது. ராத்திரி ஷிப்ட் மாறி மாறி வந்தால் சாப்பாட்டு நேரமும் மாத்திரை நேரமும் தாறுமாறு. சர்க்கரை எப்படிக் கட்டுக்குள் நிற்கும்? ஆபரேஷனுக்கு மூன்று மாதம் முன்பிருந்து பகல் ஷிப்ட், பிறகு தூசியும் இரைச்சலும் குறைந்த இடத்தில் இலகு வேலை, சம்பளத்தோடு லீவு. இதைத்தான் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 'குரலுக்கெல்லாம் லீவா?' என்று கேட்டார்கள். மில் சங்கு ஒரு நாள் ஊதாவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று திருப்பிக் கேட்டோம்.

சர்க்கார் செய்தது என்ன? 2008-ல் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைந்தது. பாலின மாற்று ஆபரேஷன் சில அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாக நடக்கத் தொடங்கியது. நல்லது, பாராட்டுகிறோம். 2019-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தின் 15-வது பிரிவில், காப்பீட்டுக்குள் வரவேண்டியவை என்று பாலின மாற்று ஆபரேஷன், ஹார்மோன் சிகிச்சை, லேசர் சிகிச்சை என்று பெயர் சொல்லி எழுதினார்கள். முகத்து மயிர் நினைவுக்கு வந்தது, குரல் வரவில்லை! 'வேறு உடல்நலப் பிரச்சினைகள்' என்ற சொல் மட்டும் கடைசியில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் குரலும் பேச்சுப் பயிற்சியும் அடக்கம் என்று எழுத்தில் வாங்க வேண்டும். 2022-ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒருவருக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அந்தத் தொகை தொண்டைக்கும் எட்டட்டும்.

இ.எஸ்.ஐ. யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1948-ல் சட்டமாகி, 1955-ல் நம் கோவைக்கு வந்தது. நம் கூலியில் பிடித்த காசு அதில் இருக்கிறது. விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு அந்த வசதியும் இல்லை. அவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியும், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய, வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் திட்டமும்தான். மாத்திரை வந்ததா என்று கிராமக் கமிட்டிகள் வீடு வீடாகக் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

இப்போது தோழியின் நிலைமையைச் சொல்லிவிடுகிறோம். நாலு மாதமாகக் களியை அளந்து சாப்பிடுகிறார், நடக்கிறார், ஊசி தவறுவதில்லை. பதினொன்று என்பது இப்போது எட்டரை. வாரம் ஒரு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறார். அடுத்த பரிசோதனை தை மாதம். அதைப் பார்த்துத்தான் டாக்டர் தேதி சொல்வார். ஒருவேளை பயிற்சியே போதுமென்று தோழி முடிவு செய்யலாம். அது அவர் இஷ்டம்.

அன்று சிரித்த இரண்டு தோழர்களும் இன்று வந்திருக்கிறார்கள். பெயர் சொல்லப் போவதில்லை. துணை முறையில் பகல் நேரத்துக்கு அவர்களே பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று பாதியில் நின்ற கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. ஆபரேஷன் தை மாதம் வரை காத்திருக்கலாம், வேலைச்சுமை காத்திருக்காது. தோழி, எழுந்து கேளுங்கள்.