நோய் தணிந்தால் மட்டும் போதுமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மனசு நோய் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. உங்களைப் போல ஒரு குழு உறுப்பினர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறவள். இன்னொரு காரணமும் உண்டு. நான் சொல்லப்போகிற நோய் என் நாத்தனார் மகளுக்கு இருக்கிறது. அவளைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். "பேரை மட்டும் சொல்லாதீங்க அத்தை, மத்ததெல்லாம் சொல்லுங்க. நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

இந்த நோயை டாக்டர்கள் 'பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்' என்பார்கள். சுருக்கமாக பி.பி.டி. தமிழில் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று எழுதுகிறார்கள். இரண்டு வகை மனநோய்க்கும் நடுவே, எல்லைக்கோட்டில் நிற்கிறவர்கள் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் நினைத்தார்கள். 1938-ல் வந்த பேர் அது. பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதன் அடையாளம் என்ன? நெருங்கினவர்கள் நம்மை விட்டுப் போய்விடுவார்களோ என்கிற பெரும் பயம். நேற்று வரை "எனக்கு நீதான் எல்லாம்" என்றவரை இன்று ஒரே வார்த்தையில் வெறுத்துவிடுவது. நான் யார், எனக்கு என்ன வேண்டும் என்பதே பிடிபடாமல் போவது. மனசு மணிக்கு மணி மாறுவது. அடக்க முடியாத கோபம். உள்ளே எதுவுமே இல்லாத மாதிரி ஒரு வெறுமை. யோசிக்காமல் செலவு செய்வது, வேலையை விடுவது. வேதனை தாங்காமல் தன்னையே காயப்படுத்திக்கொள்வது, செத்துப் போகிறேன் என்பது. மனசு ரொம்ப நெருக்கடியில் இருக்கும்போது எல்லோரும் எனக்கு எதிரி என்று தோன்றுவது, அல்லது சுற்றி நடப்பது எதுவும் உறைக்காமல் போவது. டாக்டர்கள் வைத்திருக்கும் பட்டியலில் இப்படி ஒன்பது அடையாளம். அதில் ஐந்தாவது இருக்க வேண்டும், அதுவும் நெடுங்காலமாகத் தொடர வேண்டும். கோபப்படுகிற பெண்ணுக்கெல்லாம் பி.பி.டி. என்று நாமே முத்திரை குத்திவிடக் கூடாது. அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. வயது வந்தவர்களில் நூறு பேருக்கு ஒருவர் இருவருக்கு இது இருக்கும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நம் கூட்டமைப்புக்குள்ளேயும் இருப்பார்கள்.

இப்படிப்பட்ட பெண்ணை ஊர் என்ன சொல்கிறது? "திமிரு." "சீன் போடுறா." "காத்து கருப்பு அடிச்சிருக்கு." "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, சரியாப்போயிடும்." எங்கள் பெண்ணுக்கு இது நாலுமே நடந்தது. மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள். மாப்பிள்ளை பார்த்தார்கள். கையில் காயத்தோடு ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, "வேணும்னே செஞ்சுக்கிட்டு வர்றவங்களுக்கு எல்லாம் பெட் கிடையாது" என்று அங்கே இருந்த ஒருவர் எல்லோர் காதிலும் விழச் சொன்னார். காயத்துக்குக் கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். மனசைப் பார்க்கிற டாக்டரிடம் போகச் சொல்லக்கூட ஆள் இல்லை. மூன்றாவதாகப் போன இடத்தில்தான் ஒரு மனநல மருத்துவர் அவளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டார். இதற்கு ஒரு பேர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது என்று அவர் சொன்ன அன்று என் நாத்தனார் அழுத அழுகை, பாரம் இறங்கின அழுகை.

ஏன் வருகிறது? பிறவியிலேயே சிலருக்கு மனசு சட்டென்று சூடாகும், ஆற நேரம் பிடிக்கும். அப்படிப்பட்ட பிள்ளை வளர்கிற இடத்தில் அதன் வேதனையை யாரும் நம்பாமல் போனால், அடி உதையோ தவறான தொடுதலோ நேர்ந்தால், நோய் முளைக்க இடம் கிடைக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அப்படிக் கொடுமை நடந்திருக்கும் என்று இல்லை. அதனால் "வளர்ப்பு சரியில்லை" என்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

அமெரிக்காவில் மார்ஷா லினஹன் என்று ஒரு உளவியல் பேராசிரியர். இந்த நோய்க்கு டி.பி.டி. என்கிற பேச்சு சிகிச்சையை உண்டாக்கியவர். இந்த நோய் உள்ளவர்கள் உடம்பெல்லாம் தீக்காயம் பட்டவர்கள் மாதிரி, லேசாகத் தொட்டாலும் துடித்துவிடுவார்கள் என்று விளக்குவார் அவர். அவருடைய சிகிச்சையில் நான்கு பாடம் உண்டு. இந்த நிமிசத்தில் மனசை நிறுத்துவது, வேதனையை விபரீதம் இல்லாமல் கடப்பது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவு முறியாமல் தனக்கு வேண்டியதைக் கேட்பது. தையல் கற்றுக்கொள்கிற மாதிரி வாராவாரம் பழகிப் பழகித்தான் இது கைக்கு வரும். பி.பி.டி.க்கு என்று தனி மாத்திரை கிடையாது. கூடவே இருக்கிற மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் டாக்டர் மாத்திரை கொடுப்பார். அதை நாமாக நிறுத்தக் கூடாது.

இந்த லினஹன் அம்மாவே 1961-ல், 17 வயதில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டதால் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு வருசத்துக்கு மேல் உள்ளே கிடந்தவர். அந்தக் கதையை 2011-ல்தான் அதே மருத்துவமனையில் நின்று ஊர் அறியச் சொன்னார். பேராசிரியருக்கே வெளியில் சொல்ல 50 வருசம் ஆகியிருக்கிறது. நம் ஊர்ப் பெண் எப்படிச் சொல்வாள்?

இனி நான் சொல்வதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் பக்கத்தில் மெக்லீன் மருத்துவமனையில் மேரி சனரினி என்கிற ஆய்வாளர் இந்த நோய் உள்ள 290 பேரைப் பத்து வருசம் விடாமல் கவனித்தார். 2010-ல் முடிவைச் சொன்னார். நூற்றுக்கு 93 பேருக்கு நோயின் அறிகுறிகள் தணிந்து, இரண்டு வருசமாவது தணிந்தே இருந்தன. "இது தீராது" என்று கைவிட்ட நோய்க்கு இது எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் இன்னொரு கணக்கும் அதில் இருக்கிறது. அறிகுறி தணிந்து, நிலையான வேலையும் நல்ல உறவும் சேர்ந்து அமைந்தவர்கள் பாதிப்பேர்தான். அதாவது நோய் தணிந்த பிறகும் வாழ்க்கை எல்லோருக்கும் தானாகத் திரும்பி வரவில்லை.

அந்த மீதிப் பாதி யார் கையில் இருக்கிறது? டாக்டர் கையில் இல்லை. வேலை கொடுக்கிறவர், பக்கத்தில் உட்காருகிறவர், நம்பிக் கடன் கொடுக்கிறவர் கையில் இருக்கிறது. சகோதரிகளே, அந்த மூன்றையும் செய்கிறது நம் குழுதானே?

அமெரிக்காவிலும் குடும்பங்கள் இப்படித்தான் சேர்ந்தார்கள். பெரி ஹாஃப்மன் என்கிற அம்மையார் 2001-ல் பி.பி.டி. கல்விக்காகவே ஒரு அமைப்பைத் தொடங்கினார். அதில் 12 வார வகுப்பு ஒன்று உண்டு. பாடம் எடுப்பது பயிற்சி பெற்ற குடும்பத்தார், இன்னொரு தாய், இன்னொரு அக்கா. கட்டணம் இல்லை. மே மாதத்தை பி.பி.டி. விழிப்புணர்வு மாதமாக ஆதரித்து 2008-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் தீர்மானமும் வந்தது. 1989-ல் தர்மபுரியில் நம் மகளிர் குழு தொடங்கினபோதும் இதே வழிதானே? ஒருத்தி கற்றாள், பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னாள்.

அந்த மாதிரி வகுப்புகளில் முதலில் சொல்லித் தருவது பேசுகிற விதம். உணர்ச்சியை ஒத்துக்கொள்ள வேண்டும், தவறான செயலை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் பெண் போன் பண்ணி, அம்மா எடுக்கவில்லை என்றால், "என்னை வெறுத்துட்டே" என்று கத்துவாள். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்டால் தீயில் எண்ணெய். இப்போது என் நாத்தனார் சொல்வது இதுதான்: "நான் எடுக்கலைன்னதும் பயந்துட்டே, இல்லியா? களத்துல இருந்தேன், சத்தம் கேக்கல. இப்ப பேசு." பாதிச் சூடு அங்கேயே இறங்கிவிடும். சாமானை வீசினால், "உன் கோபம் புரியுது, வீசறத ஏத்துக்க மாட்டேன். பத்து நிமிசம் வெளியில இருந்துட்டு வர்றேன்" என்பார். சொன்ன பத்து நிமிசத்தில் வந்துவிடுவார். அதுதான் முக்கியம்.

அடுத்தது உயிர் காக்கிற விசயம். "செத்துப் போறேன்" என்றால் மிரட்டல் என்று தள்ளாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, பேச வழி கிடைக்கும். அவளைத் தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்தும் மாத்திரையும் கைக்கு எட்டாமல் பூட்டி, சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். கடலூர் மாவட்டத்தில் சினேகா அமைப்பினர் இரண்டு கிராமங்களில் பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த ஊர்களில் தற்கொலை குறைந்தது. ஒரு பூட்டு உயிர் காக்கும்.

இரவு பகல் எந்த நேரமும் டெலி மானஸ் 14416-க்குப் பேசலாம், காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். 104-க்கும் பேசலாம். ஆபத்து என்றால் உடனே 108. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். 2017-ம் வருசத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. போலீஸ் கேசுக்குப் பயந்து யாரும் வீட்டிலேயே வைத்துப் பார்க்க வேண்டாம்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை. ஒன்று, குழுவில் சண்டை போட்டு, "என் பேரை எடுத்துடுங்க" என்று எழுந்து போகிற உறுப்பினரின் பேரை அன்றைக்கே அடிக்காதீர்கள். ஒரு மாதம் பொறுத்து, இரண்டு பேர் வீட்டுக்குப் போய் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு, சிகிச்சைக்குப் போய்வரும் நாளில் கூட்டத்துக்கு வராததற்கு அபராதம் போடாதீர்கள், பஸ் செலவுக்கு உள்கடன் முதலில் அவர்களுக்கு. மூன்று, வருசம் ஒரு தடவை மாவட்ட மனநலத் திட்டத்து ஆட்களை அழைத்து எல்லா ஊக்குநர்களுக்கும் பயிற்சி. இதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பெண்ணுக்கு இன்னும் கெட்ட நாள் வருகிறது. ஆனால் ஒரு வருசமாக அவள் குழுவில் சேமிப்பு கட்டுகிறாள், மசாலாப் பொடி பாக்கெட் போடுகிற வேலைக்கு வருகிறாள். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு போனாள். இரண்டு தடவையும் அந்தக் குழுத் தலைவி போய் கூட்டி வந்தார். அவர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் அவருக்கு ஒரு கை தட்டுங்கள்.