கையில் இருக்கும் வானொலி

 

போன வாரம் நம் மையத்தில் ஒரு அக்கா கேட்டார். "தம்பி, ரீசார்ஜ் முடிஞ்சு போச்சு. இனிமே இந்தப் போன் எதுக்கு ஆகும்?"

நல்ல கேள்வி. அதைக் கேட்டதும் எனக்கு ஓர் இரவு நினைவுக்கு வந்தது.

அது 2018 நவம்பர் 15 இரவு. கஜா புயல் வந்த இரவு. நம் காரைக்கால் பக்கம் அதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மறுநாள் அதிகாலையில் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது.

அப்போது எனக்கு 18 வயது. எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. காற்று பேயாய் அடித்தது. அப்பாவிடம் ஒரு பெரிய போன் இருந்தது. அதில் டவர் இல்லை. நெட் இல்லை. அதை டார்ச் லைட்டாக மட்டும் வைத்திருந்தோம்.

நடு இரவில் யாரோ கத்தினார்கள். "கடல் ஊருக்குள்ளே வருது!" எல்லோரும் இருட்டில் ஓடினோம். தகரம் பறந்தது. மரம் முறிந்தது. என் அப்பாயி வழுக்கி விழுந்தார். கை முறிந்து போனது. எங்கள் தெருவுக்குக் கடல் வரவில்லை. அது வெறும் வதந்தி.

ஒரு மாதம் கழித்து அந்தப் போனை நான் நோண்டிப் பார்த்தேன். அதற்குள்ளே ஒரு வானொலி இருந்தது! அன்று இரவும் அது அங்கேதான் இருந்தது. இயர்போன் கம்பி மாடத்தில் கிடந்தது. இரண்டையும் சேர்க்க எங்களுக்குத் தெரியவில்லை. புயல் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வழி இருந்தும், இருட்டில் ஓடினோம்.

போனில் எப்படி வானொலி வரும்? பல போன்களுக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அது எஃப்.எம். அலையைப் பிடிக்கும். அலையைப் பிடிக்க ஏரியல் வேண்டும். இயர்போன் கம்பிதான் அந்த ஏரியல். அதனால்தான் கம்பி செருகாமல் பல போன்களில் வானொலி பாடாது. கம்பி இல்லாத புளூடூத் இயர்போன் ஏரியல் ஆகாது.

இதற்கு நெட் வேண்டாம். ரீசார்ஜ் வேண்டாம். சிம் கார்டே இல்லாவிட்டாலும் கேட்கும். போனில் சார்ஜ் இருந்தால் போதும். ஆனால் நெட்டில் பாடும் ரேடியோவும் உண்டு. அது வேறு. நெட் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

இப்போது செய்து பார்ப்போம். கம்பியைச் செருகுங்கள். போனில் 'எஃப்.எம். ரேடியோ' என்ற படத்தைத் தேடுங்கள். அதைத் தொடுங்கள். தேடும் பொத்தானை அழுத்துங்கள். எண்கள் ஓடும். 87.5 முதல் 108 வரை ஓடும். 100.3 வந்தால் நிறுத்துங்கள். நூறு புள்ளி மூன்று என்று வாசியுங்கள். அதுதான் ஆகாசவாணி காரைக்கால். நாம் படித்த எண் நமக்கு உதவுகிறது பாருங்கள்! ஸ்பீக்கர் படத்தைத் தொட்டால் வீடு முழுக்கக் கேட்கும். கம்பியை மட்டும் கழற்றாதீர்கள்.

சில போன்களில் இந்த வசதி இல்லை. சிலவற்றில் சில்லு இருந்தும் கம்பெனி அதைத் திறந்து விடவில்லை. எல்லாப் போனிலும் எஃப்.எம். கேட்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் மத்திய அரசு போன் கம்பெனிகளுக்கு அறிவுரை சொன்னது. அறிவுரைதான், சட்டம் இல்லை. ஆகவே புதுப் போன் வாங்கும்போது நாம்தான் கேட்க வேண்டும். "எஃப்.எம். இருக்கா? கம்பி செருகும் துளை இருக்கா?" கடையிலேயே போட்டுக் கேளுங்கள். பிறகு பணம் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். புயலில் வானொலிக் கோபுரமும் பழுதாகலாம். ஒரு நிலையம் கேட்காவிட்டால் அடுத்ததைத் தேடுங்கள். அதிகாரிகள் வந்து வெளியேறச் சொன்னால் வானொலிக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

ரேஷன் கார்டை எங்கே வைக்கிறோம்? நனையாத பையில் வைக்கிறோம். ஓர் இயர்போன் கம்பியையும் அதே பையில் போடுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் போனை முழுக்கச் சார்ஜ் போடுங்கள்.

அப்பாயி இப்போதும் அந்தக் கையால் குடம் தூக்க முடியாமல் இருக்கிறார். அவருக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இந்த மையத்துக்கு வரும் ஒருவர்கூட இனி வதந்தியைக் கேட்டு ஓடக் கூடாது.

எல்லோரும் போனை எடுங்கள். கம்பி இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிக் கொள்ளுங்கள். யார் போன் முதலில் பாடுகிறது, பார்ப்போம்!