கல்லூரி மாறும் விளையாட்டு வீரர்களுக்கு



நாவலூருக்கு அண்மையில் மேலக்கோட்டையூரிலே விளையாட்டுக்கெனவே ஒரு பல்கலைக்கழகம் இயங்குகின்றது. ஓட்டத்திலும் கபடியிலும் சிறந்த நம் பிள்ளைகளைப் பல கல்லூரிகள் நாடி அழைக்கின்றன. மகிழ்ச்சியே! ஆயினும், "கட்டணமில்லை, விடுதி உண்டு" என்னும் வாய்ச்சொல்லை நம்பிப் படிப்பின் நடுவே கல்லூரி மாறுவோர் விதிகளை அறிதல் வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளை நடத்துவது, 1925-இல் தோன்றிய இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். முழுநேர மாணவரே ஆடலாம். 25 வயதுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். ஒரே கல்வியாண்டில் இரு பல்கலைக்கழகங்களுக்கு ஆட இயலாது. வெற்றிக்காக ஆள் பிடிப்பதைத் தடுப்பதே இவ்விதிகளின் நோக்கம். ஆகவே, இடப்பெயர்வுச் சான்றிதழ் பெற்று, புதிய சேர்க்கை உறுதியான பின்னரே களம் இறங்குக. வயது வரம்பு உள்ள ஆட்டத்தில் இழந்த ஓராண்டு திரும்பி வாராது.

அமெரிக்காவிலும் கூடைப்பந்து முதலிய சில ஆட்டங்களில், கல்லூரி மாறியவர் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. 2021-இல் முதன்முறை மாறுவோருக்கு அத்தடை நீங்கியது. 2024-இல் எத்தனை முறை மாறினும் தடையில்லை என்றாயிற்று. ஆனால், பாடங்களில் தேறியிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை மட்டும் நீங்கவில்லை!

இளைஞர்களே! முதல் தலைமுறையாகக் கல்லூரி செல்லும் வீட்டில் விதி எடுத்துரைக்க ஆளில்லை. அக்குறையைத் தீர்க்கவே இச்சங்கம் உள்ளது. கையொப்பமிடுமுன் இங்கு வந்து கேளுங்கள். கால்கள் தளரும் நாளிலும் பட்டம் உங்களைத் தாங்கும்.